ஒரு சுற்றுப் பெரிய சட்டைகள்

சீனர்கள் பேய் மாதம் என்று சொல்வார்களே, நமக்கு ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வருகிற அந்த மாதத்துப் பௌர்ணமியன்று, உச்சிவேளை கழிந்து வெயில் சாயத் தொடங்கும்போது, செங்கமலத்தக்கா வீட்டுப் பின்பக்கத் துணிக்கொடியில் யாரும் போடாத உடுப்பு ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். சுங்கை மெலோரில், ரயில் பாதையை ஒட்டின எங்கள் தெருவில், அது பாசாருக்கு மீன் வண்டி வருவது மாதிரி ஒரு சங்கதி. "வந்துருச்சாக்கா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்போம். "வந்துருச்சு, வந்துருச்சு, இந்தத் தடவை ஊதா" என்பார். சரியென்று நாங்கள் அரைத்துக்கொண்டிருந்த மாவை மறுபடி அரைக்கப் போவோம். தொட்டால் இளஞ்சூடு இருக்கும், முகர்ந்தால் புகை வாசம் இருக்கும், எடை மட்டும் இருக்காது. எவ்வளவு பெரிய உடுப்பு வந்தாலும் அந்தக் கொடி தாழ்ந்து நான் பார்த்ததில்லை.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததெல்லாம் என் அம்மா சொல்லித் தெரிந்ததுதான். செங்கமலத்தக்கா ஈயச் சுரங்கத்துக் கொட்டகையொன்றில், சீனர் கணக்குப்படி புலி வருஷத்தில், ஒரு சீனத்தியின் வயிற்றில் பிறந்தவர். புலி வருஷத்துப் பெண் கூடப்பிறந்த ஆண்பிள்ளையைத் தின்றுவிடும் என்பது அந்த வீட்டு மாமியார்க்காரியின் நம்பிக்கை. பெற்றவள் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டு, காற்றுப்படாமல், கதவைத் தாண்டாமல் கிடக்கவேண்டிய முதல் மாதத்திலேயே, பிள்ளையைத் துணியில் சுற்றி மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டாள் மாமியார். மருத்துவச்சி அதை ரயில்வே கேங்மேன் அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தாள். அவருக்கும் அவர் சம்சாரம் தைலம்மைக்கும் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இப்படி வந்து வளர்ந்த சீனப் பிள்ளைகள் உண்டு, காது குத்தி, பொட்டு வைத்து, தேவாரம் பாடி, மூக்கும் கண்ணும் மட்டும் வேறாக. கேங்மேன் வீட்டுப் பிள்ளைக்குச் செங்கமலம் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை வந்த வருஷமே கொடியில் முதல் உடுப்பு வந்தது. பஞ்சு வைத்துத் தைத்த சிவப்புச் சட்டை, இந்த வெயிலில் யாருக்குப் பஞ்சுச் சட்டை வேண்டும், தைத்தவள் குளிர் தேசத்தை இன்னும் மறக்காதவள் போல. தைலம்மை பயந்துபோனாள். பெற்றவள்தான் ஒளிந்து வந்து போட்டுவிட்டுப் போகிறாள், இன்றைக்குச் சட்டை போட்டவள் நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று அடுப்பில் போட்டுப் பார்த்தாள். அது தீயில் அப்படியே கிடந்தது, ஒரு நூல் கருகவில்லை. அதை இடுக்கியால் எடுத்துக்கொண்டு அம்மன் கோவில் பண்டாரத்திடம் ஓடினாள்.

பண்டாரம் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நெருக்கமா இருக்கு" என்றார்.

"அதுக்கென்னங்க சாமி?"

"கெட்டது அனுப்புறவ இவ்வளவு நெருக்கமாத் தைக்கமாட்டா. மஞ்சத்தண்ணி தெளிச்சு, ஆத்தா பாதத்துல ஒரு பொழுது வச்சிருந்து, புள்ளைக்குப் போட்டுவிடு."

அன்றிலிருந்து அது வழக்கமானது. வருஷா வருஷம் உடுப்பு வரும், அம்மன் பாதத்தில் ஒரு பொழுது இருக்கும், அன்றைக்குத் தெருவில் யாராவது சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள், அந்தப் பொழுதுக்குச் 'சட்டை வர்ற நாள்' என்று பெயராகிவிட்டது. பிள்ளை வளர வளர உடுப்பும் வளர்ந்தது. ஆனால் எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகவே வரும். தோள் தொங்கும், கை விரலை மூடும். என் அம்மா சொல்வாள், பார்க்காத பிள்ளைக்குத் தைக்கிறவள் அதை நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையாகத்தானே நினைத்துத் தைப்பாள் என்று.

ஜப்பான்காரன் காலத்தில், தெருவே சாக்குத்துணி கட்டிக்கொண்டிருந்தபோது, கொடியில் ஒற்றைக் கை மட்டும் வந்தது. ஒரு சட்டையின் இடது கை. தெருவே போய்ப் பார்த்தது. அனுப்புகிறவள் வீட்டிலும் அவ்வளவுதான் இருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்த ஒற்றைக் கையையும் முறைப்படி அம்மன் பாதத்தில் வைத்தெடுத்தார்கள். ராத்திரிப் பனிக்கு அதைத் தலைக்கு மாட்டிக்கொண்டு தூங்கியதாகச் செங்கமலத்தக்கா சொல்வார்.

சண்டை ஓய்ந்த பிறகு சில வருஷம், வந்த உடுப்பு முழுக்கச் சீன எழுத்தாக இருந்தது. சட்டையிலும் எழுத்து, கால்சட்டையிலும் எழுத்து. சாம்பிராணியும் கற்பூரமும் விற்கிற சீன முதலாளி, தவுக்கே லியோங்கின் கடைக்கு அந்தச் சட்டையோடு எண்ணெய் வாங்கப் போனால், அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அசையாத, ஆ முய், திரும்பி நில்லு" என்று பிள்ளையின் முதுகைப் படிப்பார், சின்னப் பெண்களை அவர் ஆ முய் என்றுதான் கூப்பிடுவார். அது பழைய செய்தித்தாள். அவருடைய தகப்பன் சக்கரவர்த்தி காலத்தில் பின்னல் சடையோடு கப்பலேறி வந்தவர், இவரும் என்றைக்காவது ஊருக்குப் போவோமென்று ஒரு பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார். ஒரு நாள் செங்கமலத்தின் வலது தோளிலிருந்து இடது தோள்வரை படித்துவிட்டு, பீகிங்கில் கம்யூனிஸ்ட்டுகளின் புது அரசாங்கம் உட்கார்ந்துவிட்டது என்று கடையிலிருந்தவர்களுக்குச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சம் முழங்கையில் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கம்பளிகளை வெயிலில் போட்டுவிட்டு, பெட்டியைக் கடையில் ஊதுபத்திக் கட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் செங்கமலத்தக்காவுக்குக் கல்யாணமாகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

லாரி ஓட்டுகிற ராஜமாணிக்கத்துக்குத்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான மறு வருஷம் கொடியில் வந்ததைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. தங்கக்கிளி போட்ட சிவப்புப் பட்டு, தலைக்கு முத்துச்சரம், பக்கத்தில் ஆம்பிளைக்கு ஒரு கறுப்பு கோட்டு சூட்டு, கீழே ஒரு ஜோடிச் சப்பாத்து. ராஜமாணிக்கண்ணன் கோட்டை மாட்டிப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது. "மாமியார் சீர் அனுப்பியிருக்கா. கொஞ்சம் லேட்டு, பரவாயில்ல, மாமியார்னா அப்படித்தான்" என்று தெருவில் ஒரு நடை நடந்து காட்டினார். தவுக்கே கடைவரை நடந்தார். தவுக்கே கோட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைப் படித்தார். பிறகு அக்காவை உட்காரச் சொன்னார்.

"ஆ முய், உன் பேரு கம் லான். ஒவ்வொரு சட்டையிலயும் எழுதியிருக்கும், நான் சொன்னதில்ல."

"ஏன் தவுக்கே?"

"இது உயிரோட இருக்கிறவங்களுக்கு அனுப்புற சாமான் இல்ல லா. காகிதத்துல வெட்டி எரிக்கிறது. எரிச்சா அந்தப் பக்கம் போகும். உன் அம்மாகிட்ட நீ செத்துட்டேன்னு சொல்லியிருக்காங்க."

தவுக்கே கோட்டைத் தடவினார். "எங்க வழக்கத்துல செத்த குழந்தைக்குச் சடங்கு கிடையாது. பெரியவங்க சின்னவங்களைக் கும்பிடக்கூடாது. உன் அம்மா திருட்டுத்தனமாத்தான் எரிக்கிறா. அதான் அவ பேரு எதுலயும் போடமாட்டா. இப்ப நீ கல்யாண வயசு. கல்யாணமாகாத பொண்ணு அந்தப் பக்கம் தனியா அலையக்கூடாது. அதனால செத்துப்போன ஒரு பையனைப் பார்த்து உனக்குக் கட்டிவச்சிருக்கா. இது அந்தப் பையன் கோட்டு. பேரு லாம் ஆ ஹோய்."

ராஜமாணிக்கண்ணன் மெதுவாகக் கோட்டைக் கழற்றினார்.

"அந்தப் பையனும் அங்க காத்திருப்பானா?" என்று அக்கா கேட்டார்.

"பொண்ணு வரும்னுதானே சொல்லியிருப்பாங்க."

"பாவம்" என்றார் அக்கா. இந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, அம்மனுக்கு ஒரு விளக்கு, அய்யாக்கண்ணுவுக்கும் தைலம்மைக்கும் ஒரு விளக்கு, ஆ ஹோய்க்கு ஒரு அகல் என்று ஏற்ற ஆரம்பித்தார். ராஜமாணிக்கண்ணன் லாரியிலிருந்து இறங்கி வரும்போது அந்த அகலைப் பார்த்து, "என்ன, என் சக்களத்தன் சாப்பிட்டானா?" என்பார். அக்கா கரண்டியை ஓங்குவார். இருந்தாலும் வெளியூர் போனால் ஆ ஹோய்க்கென்று ஒரு ஆரஞ்சு வாங்கிவர அண்ணன் மறந்ததில்லை.

"வாயேன், லாரி இருக்கு, ஒரு சுத்துச் சுத்தி உங்கம்மாவைத் தேடிப்பார்ப்போம்" என்று அண்ணன் எத்தனையோ தடவை கூப்பிட்டார். அக்கா அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே தள்ளினார். ஒரு தடவை துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாடி. உயிரோட இருக்கிறவளுக்கு யாரு எரிப்பா?"

அப்போது எனக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. என் பிள்ளைகளும் வளர்ந்து வெளியூர் போன பிறகுதான் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கியது.

காலம் போகப்போகக் கொடியின் கீழே சாமானும் வர ஆரம்பித்தது. அனுப்புகிறவள் வீட்டில் கஷ்டம் தீர்ந்திருக்கவேண்டும். தையல் மிஷின் வந்தது, அதில்தான் தெருப் பிள்ளைகளின் பள்ளி உடுப்பு தைத்தோம். ரேடியோ வந்தது, அதில் சீனக் கூத்துப் பாட்டைத் தவிர ஒன்றும் வராது, நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே வடகம் பிழிவோம். ஐஸ் பெட்டி வந்தது, மின்சாரம் இல்லாமலே குளிரும், தெருவில் யார் வீட்டுப் பாலும் அதில்தான் இருக்கும். பல்லக்கு ஒன்றுகூட வந்தது, அந்தக் காலத்துச் சக்கரவர்த்தி வீட்டுப் பெண்கள் ஏறுவது மாதிரி. அதைக் கோவிலுக்குக் கொடுத்தோம், எடை இல்லாத பல்லக்கு என்பதால் அம்மனை இரண்டே பேர் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கட்டுக்கட்டாக நோட்டும் வரும், அதை வைத்துப் பிள்ளைகள் கடை விளையாடும். யாரும் பொறாமைப்பட்டதில்லை, செத்தவளுக்கு வருகிற சீரைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும்.

ராஜமாணிக்கண்ணன் ஒரு மழைக்காலத்தில் மாரடைத்துப் போய்விட்டார். பையன் பெர்த்தில், பொண்ணு ஜொகூரில். வீட்டை விற்றுவிட்டு வரச்சொல்லி இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். "பௌர்ணமிக்கு நான் இங்க இருக்கணும்ப்பா" என்று அக்கா சொல்லிவிட்டார். பிள்ளைகள் நல்லவர்கள்தான், தீபாவளிக்கு வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள். ஆனாலும் அந்த வீட்டில் மத்தியானம் கடிகாரச் சத்தம் எனக்கு வேலி தாண்டிக் கேட்கும். சாதம் ஒரு பிடி வடிப்பார், குழம்பை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார். மறக்காமல் வருஷா வருஷம் அவரை நினைத்து உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடிக்கிற ஒரே ஒருத்தி, அவர் செத்துவிட்டதாக நினைக்கிறவள்.

பிறகு ஒரு வருஷம் கொடியில் உடுப்பு இல்லை, கொடியின் கீழே ஒரு கைப்பேசி இருந்தது. இந்தக் காலத்துக் கைப்பேசி, தேய்க்கிற மாதிரி. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தார், நான் போனபோது அடுப்பு அணைந்து கிடந்தது.

"பேசணும்னு நினைக்கிறாடி" என்றார்.

"இதுல யாரைக் கூப்பிட முடியும்க்கா?"

"அதில்ல. வயசாகிப் போச்சு அவளுக்கு. சீக்கிரம் அங்க வந்துருவேன், எங்க இருக்கேன்னு சொல்லுன்னு அனுப்பியிருக்கா." கைப்பேசியை முந்தானையில் துடைத்தார். "அங்க போயி என்னைத் தேடுவாளே. நான் இல்லையே அங்க. இத்தனை வருஷம் அனுப்பின சட்டையும் இல்ல, ரேடியோவும் இல்ல, ஒண்ணும் இல்லாத இடத்துல போயி நின்னுக்கிட்டு கம் லான், கம் லான்னு கூப்பிடுவா. யாரு பதில் சொல்றது?"

ஒரு தாய் காலமெல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டு, கடைசியில் போய்ச் சேருகிற இடத்தில் காலி வீட்டைப் பார்ப்பது. அவள் கண்ணை மூடுவதற்குள் சொல்லிவிடவேண்டும், பிள்ளை சாகவில்லை என்று. அக்காவும் நானும் மறுநாளே பஸ் ஏறினோம்.

சுரங்கம் இருந்த இடத்தில் ஏரிதான் இருந்தது. வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் கொட்டகைக்காரர்களையெல்லாம் லாரியிலேற்றி முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தார்களே, அந்தக் கிராமங்களுக்கெல்லாம் போனோம். புடவை கட்டி, குங்குமம் வைத்து, சீன முகத்தோடு ஒரு கிழவி வந்து தமிழில் கும்பிட்டுவிட்டு மலாயில் விசாரித்தால் யாருக்கு என்ன புரியும். புலி வருஷத்தில் பெண்ணைப் பறிகொடுத்த தாய் உண்டா என்று கேட்டால் வீட்டுக்கு வீடு உண்டு. லாம் குடும்பம் என்று கேட்டால் தெருவுக்குத் தெரு லாம். செத்தவர்களுக்குச் செய்த கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசப் பிரியப்படவில்லை, டீயைக் கொடுத்துக் கதவுவரை வந்து அனுப்பிவைத்தார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைத்தமிழ் முழுதையும் பஸ்ஸில் உட்கார்ந்து முனகிக்கொண்டு வந்தேன். ஒரு வருஷம் அப்படி அலைந்தோம்.

அடுத்த பௌர்ணமியன்று கொடி காலியாக இருந்தது.

தெரு முழுக்கப் பின்வேலியில் வந்து நின்றது. பொங்கல் வைத்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வெயில் சாய்ந்தது, காகம் ஒன்று கொடியில் வந்து உட்கார்ந்தது, அதன் எடைக்கே கொடி தாழ்ந்தது. அக்கா அழவில்லை. "போய்ச் சேர்ந்துட்டா" என்றார். "இந்நேரம் தேட ஆரம்பிச்சிருப்பா."

தவுக்கே லியோங் போய் வெகுகாலமாகிவிட்டது, கடையில் அவர் மகள் சியூ ஃபோங் இருந்தாள், எங்களோடு தமிழ்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடி வளர்ந்தவள். அக்கா அவளிடம் போய், "உயிரோட இருந்தவரைக்கும் அவளுக்கு அனுப்ப வழியில்ல. இப்ப இருக்குல்ல? எரிச்சா போகும்ல?" என்று கேட்டார்.

"போகும் அக்கா. யாருக்குன்னு பேரு எழுதணும்."

"பேரு தெரியாதே."

"அப்ப எரிக்காதீங்க அக்கா. பேரு இல்லாததை அநாதைப் பேய்ங்க பாதி வழியில பிடுங்கிக்கும். உங்க அம்மா கைக்குப் போகாது."

அக்கா கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அம்மன் பெயரைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, சியூ ஃபோங் கேட்காமலே வழக்கம்போல அகல் திரியும் ஒரு ஆரஞ்சும் எடுத்து அக்கா பக்கத்தில் வைத்தாள். அக்கா அந்த ஆரஞ்சையே பார்த்தார்.

"ஒருத்தன் பேரு தெரியும்" என்றார்.

மறுநாள் சியூ ஃபோங்கும் அக்காவும் நானும் சமையற்கட்டில் உட்கார்ந்து காகிதம் வெட்டினோம். ஒரு புடவை, ஒரு ரவிக்கை, வெற்றிலைப் பெட்டி, சோறு பொங்க ஒரு பானை. ரவிக்கைக்கு என்ன அளவு வெட்ட என்று கேட்டேன். "நான் பார்த்தேனா? ஒரு சுற்றுப் பெரிசாவே வெட்டு" என்றார். அய்யாக்கண்ணுவும் தைலம்மையும் பிள்ளையோடு நிற்கிற படம், கல்யாணப் படம், பேரப்பிள்ளைகள் படம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் புடவையில் தைத்தோம். சியூ ஃபோங் சிவப்புத் தாளில் 'லாம் ஆ ஹோய்' என்று எழுதி ஒட்டினாள். பின்பக்கம் கொடிக்குக் கீழே, மத்தியான வெயிலில், தெருவே பார்த்திருக்க அக்கா கற்பூரத்தை வைத்தார். சியூ ஃபோங் சீனத்தில் கூப்பிட்டாள். அக்கா தமிழில்தான் பேசினார், பக்கத்து வீட்டுப் பையனிடம் கடைக்குப் போகச் சொல்கிற குரலில்.

"தம்பி ஆ ஹோய், நான் செங்கமலம் பேசுறேன், அங்க கம் லான்னு சொல்லியிருப்பாங்க. உன்னை இவ்வளவு காலம் காக்க வச்சிட்டேன், கோவிச்சுக்காத. எங்கம்மா புதுசா வந்திருப்பா. வயசானவ, யாரையோ தேடிக்கிட்டு நிப்பா, உனக்குப் பார்த்தாலே தெரியும். அவகிட்ட இதைக் குடு. நான் சாகலன்னு சொல்லு. என்னை நல்லவங்கதான் வளர்த்தாங்கன்னு சொல்லு. அவ அனுப்பினது எல்லாம் வந்துச்சு, ஒண்ணு விடாமப் போட்டுக்கிட்டேன்னு சொல்லு. மெதுவா வர்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் அவளை நீ பார்த்துக்கப்பா, அவளுக்கும் அங்க யாரும் இல்ல."

காகிதம் எரிந்து, சாம்பல் சுழன்று, கொடிக்கு மேலே போனது. எல்லாரும் கைகூப்பி நின்றோம்.

மறுநாள் காலையில் பால் எடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது, என் பால் பாத்திரம் தரையில் பத்திரமாக இருந்தது. ரேடியோ இல்லை. தையல் மிஷின் இல்லை. அலமாரியைத் திறந்தால் பஞ்சுச் சட்டையிலிருந்து செய்தித்தாள் சட்டை வரைக்கும் ஒன்றும் இல்லை. சிவப்புப் பட்டும் கறுப்புக் கோட்டும் போயிருந்தன, கைப்பேசி போயிருந்தது. கோவிலில் பல்லக்கைக் காணோம் என்று பண்டாரத்தின் மகன் ஓடிவந்தார். அக்கா அந்தக் காலி வீட்டின் நடுவில் துடைப்பத்தோடு நின்றார். அந்த வீட்டில் அத்தனை இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எல்லாம் போச்சேக்கா" என்றேன்.

"சேதி போய்ச் சேர்ந்துருச்சு" என்றார் அக்கா. "உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம். எடுத்துக்கிட்டா. அவளுக்கு அங்க வீடு வைக்கணும்ல." குனிந்து, மிஷின் இருந்த மூலையைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே இருந்தார், அங்கே தூசி இல்லாமல் போன பிறகும்.

நான் பின்பக்கம் போனேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கொடியில் ஒன்று தொங்கியது. ஜப்பான்காரன் காலத்து ஒற்றைக் கை, இடது கை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கா."

"ஒத்தக் கை என்னத்துக்கு ஆகும்னு விட்டிருப்பாங்களோ?"

"இல்லடி" என்றார். "கையில வேற எதுவும் இல்லாதப்ப அனுப்பினது. இது எனக்குன்னு தெரியும் அவளுக்கு."

அதன் பிறகு எந்தப் பௌர்ணமிக்கும் எதுவும் வரவில்லை. சட்டை வர்ற நாளைக்கு நாங்கள் இன்னும் பொங்கல் வைக்கிறோம், வெள்ளிக்கிழமைக்கு ஆ ஹோயின் அகல் எரிகிறது, இப்போது அதன் பக்கத்தில் பெற்றவளுக்கு இன்னொன்றும். அக்கா அந்த ஒற்றைக் கையை அலமாரியில் வைக்கவில்லை, கொடியிலேயே விட்டிருக்கிறார். நாளெல்லாம் அது அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால், எங்கள் தெருவில் யார் எந்த வேலையாக இருந்தாலும், தன் வீட்டுத் துணியை எடுப்பதற்கு முன்னால் ஓடிப்போய் அதை எடுத்து உள்ளே போட்டுவிட்டுத்தான் வருவாள்.